கடலை ஒப்படைத்த சிஸ்டர்

இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டே கதியென்று கிடந்த சிஸ்டருக்கு, கடற்கரை விடுதியில் நடந்த எழுத்து முகாமுக்கு வந்து இறங்கியதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. முதல் நாள் காலையிலேயே, "பத்து நிமிஷம் கடலைப் பத்தி எழுதுங்க" என்றார் முகாம் நடத்திய அம்மா. மற்றவர்கள் கவிதை வருமா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டரின் கை நோயாளிக் குறிப்பு எழுதிய பழக்க தோஷத்தில் தானாக ஓடியது.

"காலை ஒன்பது மணி. மூச்சு சீராக உள்ளது. இரவெல்லாம் புரண்டிருக்கிறது. உறவினர் எவரும் வரவில்லை. தனியாக விட வேண்டாம்."

முடித்த கையோடு, அடுத்த டியூட்டிக்கு வரும் நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கும் நினைப்பில், முகாமுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாரிடம் தாளை நீட்டி, "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். அந்த அதட்டலில் மனிதர் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மதியச் சாப்பாட்டில் வாத்தியாரைக் காணோம். தேடிப் போனால், அலை வந்து தொடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வரலையா சார்?"

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாத்திவிட ஆள் வரட்டும் சிஸ்டர். கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."