மூன்று மணித் தாயம்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் வாய் நிற்காது. பால்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தபோதும் அப்படித்தான். ஓய்வு பெற்று, உத்திரமேரூருக்கு வெளியே பெருநகர் போகிற சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். அந்த வாயால்தான் ஓர் உயிர் போகப் பார்த்தது.

மதியம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை பெரியவர்களை எதிலாவது ஈடுபடுத்த வேண்டும். அதுதான் என் வேலை. ஓவியம், காகிதப்பூ, கை தட்டும் பயிற்சி என்று அலுவலகத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் வண்ணப் பென்சிலை நீட்டியதும், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, எங்கள பாப்பான்னு நெனச்சிக்கினீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. மறுநாள் வீட்டிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தேன். யாரோ நன்கொடையாளரின் பிறந்தநாள் பேனரைக் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கத்தில் மார்க்கரால் கட்டம் வரைந்தேன். அன்றிலிருந்து மூன்று பேர் அந்தப் பேனரை விட்டு அசையவில்லை. ஒருவர் பாய். இன்னொருவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மூன்றாவது, காவாந்தண்டலம் பக்கத்திலிருந்து வந்த அம்மா. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். பிள்ளை இல்லை, குட்டி இல்லை. எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும், சுகர் இல்லை, பிரஷர் இல்லை. ஆட்டத்தில் மட்டும் ராட்சசி. அவர் "விழு தாயம்" என்றால் தாயம் விழும்.

பந்தயம் இல்லாமல் தாயம் சப்பென்று இருந்தது. டீயோடு தருகிற கிரீம் பிஸ்கட்டை வைத்து ஆடினார்கள். நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜெயித்த ஏழு பிஸ்கட்டையும் பாய் ஒரே மூச்சில் தின்றுவிட்டார். சுகர் எகிறிவிட்டது. வார்டன் அவரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா உங்க மகனை வரச்சொல்லி அனுப்பிடுவேன்" என்றார். மகன் வீடு சென்னையில் மூன்றாவது மாடி. காலையில் இவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போனால் ராத்திரிதான் திறப்பார்களாம். பாய் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதே குரல் இறங்கிவிடும்.

திட்டு எனக்கும் விழுந்தது. அந்த ஆத்திரத்தில் மூவர் முன்னாலும் போய்க் கத்தினேன். "இனிமே திங்கிற சாமான் எதையாவது பந்தயம் வச்சீங்க, தாயக்கட்டையைக் கிணத்துல போட்டுடுவேன்!" மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். பத்து நாள் எந்த வம்பும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன், முட்டாள்.

அந்த வியாழக்கிழமை ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. காவாந்தண்டலத்து அம்மா கட்டையை உருட்டினார். பன்னிரண்டு விழுந்தது. வழக்கமாகக் கூரை பறக்கக் கத்துகிறவர் சத்தமே போடவில்லை. பார்த்தால் கை நடுங்குகிறது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, ஆனாலும் ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கிறது.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"அந்த நாத்துக் கட்ட இங்க போடு. பொழுது போவுது பாரு" என்றார் அந்தம்மா, யாரையோ பார்த்து. அப்படியே கட்டத்தின் மேல் சாய்ந்துவிட்டார். காய்கள் சிதறி ஓடின.

நர்ஸ் பெண் சுகர் பார்க்கிற மெஷினோடு ஓடிவந்தாள். விரலில் குத்திப் பார்த்தவள் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள். முப்பத்தெட்டு. "சுகரே இல்லாதவங்களுக்கு எப்படிக்கா இவ்வளவு எறங்கும்?" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. பல் கிட்டித்துவிட்டதால் குளுக்கோஸ் தண்ணீரை வாயில் ஊற்ற முடியவில்லை. சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவினாள். 108-க்குப் போன் செய்தோம், வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

இல்லத்துக்கு வருகிற டாக்டரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டோம்.

"வேற யாரோட மாத்திரையாவது சாப்பிட்டாங்களா? சுகர் மாத்திரையா இருந்தா ஒரு பாட்டில் குளுக்கோஸ் பத்தாது. ஏத்தினதும் எழுந்துப்பாங்க, நல்லாயிட்டாங்கன்னு நீங்க கூட்டிட்டு வந்துடுவீங்க, மறுபடி எறங்கும். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்க. என்ன மாத்திரை, எத்தனைன்னு தெரிஞ்சாகணும்."

"வாய்ப்பே இல்ல சார். நான் கையில குடுத்து, முழுங்குற வரைக்கும் நின்னு பாக்கறேன்" என்று நர்ஸ் அழுதாள்.

நான் அந்த இரண்டு ஆண்களையும் பார்த்தேன். லாரிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் கீழே குனிந்து, சிதறிய காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது காய் பொறுக்குகிற ஆள் இல்லை அவர். எதையோ மறைக்கிறார்.

"பாய்! இப்போ எதை வச்சு ஆடறீங்க?"

அவர் இன்னொரு காயைப் பொறுக்கினார்.

"உங்களத்தான் கேக்கறேன்! எதை வச்சு ஆடறீங்க?"

டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். மூன்றாவது மாடிப் பூட்டு அவர் தொண்டையில் தொங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு முறை கத்தினால் ஜென்மத்துக்கும் வாய் திறக்கமாட்டார். கத்த வந்ததை விழுங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பாய், வார்டன்கிட்ட மறைக்கிறேன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா ஆட்டத்தைக் கொண்டுவந்தவ நான், பிஸ்கட் வச்சு ஆடறப்போ சிரிச்சவளும் நான். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். உங்களை அனுப்பினா என்னையும் அனுப்பட்டும். இப்ப சொல்லுங்க. அந்தம்மா செத்துடுவாங்க பாய்."

அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சார். சுகர் மாத்திரைதான். காலைல நாஷ்டாக்கு முன்னாடி குடுக்கறது. கன்னத்துல ஒதுக்கி வெச்சிக்கினு அப்பால எடுத்துடுவேன். நேத்து ஒண்ணு தோத்தேன். இன்னிக்கு டீச்சரம்மாவுக்குத் தெரியாம பதினோரு மணிக்கே ரெண்டு ஆட்டம் போட்டோம். அதுல என்னுது ஒண்ணு, லாரிக்காரருது ஒண்ணு, அவருக்கும் அதே மாத்திரைதான். மொத்தம் மூணு. மூணையும் அப்பவே அந்தம்மா டீயில போட்டு முழுங்கிச்சு. நாங்க சிரிச்சிக்கினு இருந்தோம்." பிறகு என்னைப் பார்த்தார். "திங்கிற சாமான் வெக்காதன்னீங்க. மாத்திரைய யாரு திம்பாங்கன்னுதான் வெச்சோம்மா."

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் சொன்னது போலவே அந்தம்மா எழுந்தார், பேசினார், மறுபடி சரிந்தார். இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்று மாத்திரை என்று தெரிந்திருந்ததால் யாரும் பாட்டிலைக் கழற்றவில்லை. இடையில் வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு மெமோ, பாயிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதம், அதோடு விட்டார். தாயக்கட்டை அலமாரிக்குள் போய்விட்டது.

மறுநாள் மதியம் அந்தம்மா தெளிந்து, தயிர்சாதம் கேட்டுச் சாப்பிட்டார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு அறிவிருக்கா? ஜெயிச்சா வச்சிக்க வேண்டியதுதானே, எதுக்கு முழுங்கினீங்க?"

அவர் கையிலிருந்த பிளாஸ்திரியைத் தடவினார்.

"அந்த நர்சுப் பொண்ணு எல்லாரு கட்டிலாண்டயும் நிக்குது. பேரு சொல்லிக் கூப்புடுது, வாயத் தொறன்னுது, தோள்ல தட்டிட்டுப் போவுது. ஒரு நாளிக்கு மூணு தபா. என் கட்டிலத் தாண்டிக்கினு போயிடுது. சுகர் மாத்திரை போட ஆரம்பிச்சா நிறுத்தவே கூடாதாமே? பாயிதான் சொன்னாரு. நாலஞ்சு போட்டுட்டா, அப்பால எனக்கும் தெனம் குடுத்துதான ஆவணும்னு பாத்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து வார்டு டாக்டர் ரிசல்ட் காகிதங்களோடு வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல சிரித்த முகம்.

"பாட்டிம்மா, சூப்பர்! ரத்தம், கிட்னி, இருதயம் எல்லாத்தையும் பாத்துட்டோம். உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒரு மாத்திரைகூடத் தேவையில்ல. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

அந்தம்மாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"நல்லாப் பாருப்பா" என்றார். "இம்மா வயசாச்சு. ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்."