திருக்கைக்கு ஐந்து நாள் பட்டினி

காரைக்கால் குடும்பத்து மாதலேன், விமான டிக்கெட் அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்று வியட்நாமின் சைகோனில் தனியாக வசித்தாள். பிரான்சுக்குப் போன மகள் விட்டுச்சென்ற நன்னீர்த் திருக்கை மீன்தான் துணை. ஒருநாள் அது வயிறு உப்பி, இரை தொடாமல் தொட்டியின் அடியிலேயே கிடந்தது.

பதறிப்போய் வளர்ப்புமீன் கடைக்காரர் துங் என்பவரை அழைத்துவந்தாள்.

"எப்பெப்போ இறால் போடுறீங்க?" என்று கேட்டார் அவர்.

"நான் சாப்பிடும்போதெல்லாம். தனியா சாப்பாடு இறங்கலை."

"தீனி மிஞ்சிப்போச்சு, செரிக்கலை. அஞ்சு நாள் ஒண்ணும் போடாதீங்க. அப்புறம் தினம் ஒருவேளை போதும்."

ஐந்து நாளும் திருக்கை பார்க்காதபடி அடுப்படியில் நின்றே சாப்பிட்டாள். ஆறாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. மதியம் உரித்த இறால் ஒன்றை நீட்டினாள். திருக்கை அவள் கைமேல் படர்ந்து, அடிப்பக்கத்து வாயால் வாங்கிக்கொண்டது. மாதலேனும் தொட்டியருகே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரவுச் சோற்றை மறுபடி அடுப்படிக்கே எடுத்துப்போனாள்.