ஐந்து கோல்கீப்பர்களின் கூடைப்பந்து

தேங்காய் எண்ணெய் பூசிய தோல் பந்தின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பந்துகள் கிடக்கும்… ஒன்று உதைக்க, ஒன்று எறிய.

என் கணவர் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். கூடைப்பந்தையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். அவர் அதை ஒரு நாளும் ஆடியதில்லை. விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் கொன்வென்டில் படித்தவள். ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னேன்.

முதல் போட்டி மானத்தை வாங்கியது. உதைபந்து ஆடும் பெடியன்கள் அல்லவா… பந்து தாழ வந்தால் கால் தானாக நீண்டது. ஒவ்வொரு முறையும் விசில். பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கூடைக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் கொட்டகை போடப்போவதாக அதிபர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. காலால் பந்தைத் தடுக்கக் கூடாது என்ற அந்த ஒரு விதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை வாசித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப, கையை நம்புறவங்களைத்தான் எடுக்க வேணும்."

பெரிய அணி, சின்ன அணி எல்லாவற்றிலும் தேடி ஐந்து கோல்கீப்பர்களைப் பொறுக்கினார். உதைபந்து கப்டன் கோபத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"எங்கட கோலை ஆர் சேர் காக்கிறது?"

"உங்களுக்குக் கால் இருக்குத்தானே. பந்தை அங்கால வரவிடாமப் பாருங்கோ."

அடுத்த போட்டியிலும் தோற்றோம், இரண்டே புள்ளிகளால். ஆனால் ஒரு கால்கூட நீளவில்லை. எவரும் சிரிக்கவுமில்லை. கம்பங்கள் நின்றன… அவர் ஓய்வு பெறும்வரை, அதற்குப் பிறகும்.

ஆடியே அறியாத ஓர் ஆட்டத்தை அந்த மனிதர் எப்படி அப்படிப் படித்தார்? இத்தனை வருடமாகியும் எனக்கு அதிசயம் தீரவில்லை.

போன சனிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், லாசால் பகுதியில் என் பேத்தியின் கூடைப்பந்துப் போட்டி. ஓர் அணிக்கு மூன்று பயிற்சியாளர்கள், கையில் ஆளுக்கொரு தொடுதிரை. யாழ்ப்பாணத்தில் இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து என் கணவர் ஒருவர்தான்… கையில் ஒரு விசில்.

என் பக்கத்தில் செல்வநாயகம். அந்த ஐந்து பேரில் கடைக்குட்டி. இப்போது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர், லவாலில் இருந்து மெட்ரோ ஏறி வருகிறார். திடீரென ஒரு பந்து எங்களை நோக்கிப் பறந்து வந்தது. நான் முகத்தை மூடினேன். அவர் எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

"சேர் நிண்டிருந்தா ஏசியிருப்பார் அக்கா. இந்த ஆட்டத்தில பந்தை வச்சுக்கொண்டு நிக்கப்படாது."

"அப்ப கெதியாக் குடும்," என்றேன். "பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம்."

மனமில்லாமல்தான் கொடுத்தார்.