அக்கராயன் கிணற்றுக்கு வந்த வல்லரசுகள்

அக்கராயன் மாதர் சங்கத் தலைவி இரஞ்சிதத்துக்கு வெளிநாட்டுக் கொள்கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. சங்கத்துக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இறைக்க மோட்டர் இல்லை என்பதுதான் அவருடைய கவலை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. கொழும்பில் அரசாங்கமே ஆடிக்கொண்டிருக்க, மோட்டரை யாரிடம் கேட்பது? கிளிநொச்சியில் கடை வைத்திருந்த லாபிர் நானா இரக்கப்பட்டு, பழைய சீன மோட்டர் ஒன்றை இரவல் கொடுத்தார். அது ஒரு கிழமை ஓடி, புகைந்து, ஓய்ந்தது.

பிறகு இந்தியாவின் நிவாரண அரிசி வந்தது. கூடவே டெல்லி அதிகாரி ஒருவரும், அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னைக்காரர் ஒருவரும் வந்தார்கள். இரஞ்சிதம் மாலை போட்டார், படத்துக்குச் சிரித்தார், மெல்ல மோட்டர் கதையை எடுத்தார். அதிகாரி “பார்க்கலாம்” என்று எழும்பினார்.

“இந்தக் கிணத்த வேற யாராச்சும் பாத்தாங்களா?” என்று மொழிபெயர்ப்பாளர் போகிற போக்கில் கேட்டார்.

“ஓம் தம்பி. சீனா வந்தது.”

அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அதிகாரி திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார்.

இரஞ்சிதம் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், மிச்ச உண்மைக்கு இப்போது அவசரமில்லை என்று அவருக்குப் பட்டது.

“சீனா என்ன பண்ணிச்சு?”

“கொஞ்ச நாள் நிண்டது. சரிவரேல்லை. திருப்பி அனுப்பிப்போட்டம்.”

“சீனாவையேவா?”

“வேறை என்ன செய்யிறது? ஒரே புகை.”

அன்று வீட்டில் கணவர் மயில்வாகனம் தலையில் கைவைத்தார். “ஏனப்பா பொய் சொன்னனீர்?”

“நான் எங்கை பொய் சொன்னனான்? அவை லாபிர் நானாவைப் பற்றிக் கேக்கேல்லை.”

அடுத்த மாதமே புது மோட்டர் வந்தது. அதைவிடப் பெரிய பெயர்ப்பலகையும் வந்தது. திறப்பு விழாவில் இரு நாட்டு உறவு பற்றி நாலு வார்த்தை பேசும்படி இரஞ்சிதத்தைக் கேட்டார்கள். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தியப் படை சமாதானம் காக்க வந்து, சண்டை பிடித்துவிட்டுத் திரும்பியது. அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நல்ல அயலட்டைச் சனம்,” என்றார். “கூப்பிட்டா வருவினம். கூப்பிடாட்டிலும் வருவினம்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அதிகாரி மனம் குளிர்ந்து கைதட்டினார். பின்னேரம் சங்கத்து மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.