பின்பக்கம் பார்த்த சீட்

நம்பினால் நம்புங்கள். ஆனால் இது நடந்தது. தொடங்கிய இடம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் ரோட்டை ஒட்டி மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. நடுராத்திரியில் அல்ல, காக்கா கூட நிழல் தேடி ஒதுங்குகிற மத்தியான வெயிலில். வருஷம் இரண்டாயிரத்து மூன்று. அதை அனுபவித்த யாசினும் அவன் மனைவி ஜரினாவும் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால் யாசின் சொல்வான். ஜரினா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

யாசின் பல வருஷம் கத்தாரில் இருந்தவன். கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஸ்கீ போட் ஓட்டினான். காலில் பலகை மாட்டிய ஆளைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு தண்ணீர்மேல் பறக்கிற படகு அது. அவன் அங்கே இருந்தபோதுதான் ஊரில் அவன் மகள் பௌசியா காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. லீவு கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கபர் மண் காய்ந்திருந்தது. அவன் அங்கே போகவில்லை. கபர்ஸ்தான் இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போனான். ஜரினாவும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை இருவருமே வாயில் எடுப்பதில்லை. ஜரினா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

இனி வெளிநாடு வேண்டாம் என்று முடிவெடுத்தான். தெரிந்த தொழில் ஒன்றுதான். பழைய ஸ்கீ போட் ஒன்றை வாங்கிச் சரி பண்ணி, தூத்துக்குடி கடற்கரையில் சவாரி விடலாம் என்று கணக்குப் போட்டான். டீக்கடையில் சிரித்தார்கள். "குடிக்கவே தண்ணி இல்ல. இவன் போட் வாங்கப் போறானாம்லா!"

மேற்கே மலையடிவாரத்து ஏரி ஒன்றில் ஒரு போட் கிளப்பை இழுத்து மூடியிருந்தார்கள். தை மாசம் அங்கே போனான். காவலுக்கு இருந்தவர் கடற்கரை என்கிற பெரியவர். யாசின் படகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். மரச் சுத்தியலால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். 'டக், டக்' என்று உறுதியான சத்தம். உள்ளே மரம் உளுத்துப் போகவில்லை. என்ஜின் ஆயிலைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. நல்ல படகு. சல்லிசாகக் கொடுத்தார்கள்.

கடற்கரை மட்டும் படகுப் பக்கமே வரவில்லை. கரையிலேயே நின்றார். லாரியில் ஏற்றி முடித்தபோது மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அந்தப் பின் சீட்டை மட்டும் கழத்தி இங்கனயே போட்டுட்டுப் போங்களேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"நைஞ்சு போச்சுல்லா..."

யாசின் கேட்கவில்லை. அந்த சீட் முக்கியம். ஓட்டுகிறவன் முன்னால் பார்ப்பான். கயிற்றில் வருகிறவன் விழுந்தால் சொல்வதற்கு, பின்பக்கம் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கான சீட் அது.

தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, படகை டிரெய்லரோடு உள்ளே விட்டான். வேலை நிறைய இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் சக்கரத்தை மாற்றினான். விரிசல்களில் ஃபைபர் துணியும் ரெசின் பசையும் வைத்துத் தேய்த்தான். என்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும் என்பதால் டேங்கர்க்காரரிடம் ஒரு டிரம் வாங்கி, ஹோஸ் போட்டு ஓட்டிப் பார்த்தான்.

முதலில் கவனித்தது அடித்தளத்துத் தண்ணீரைத்தான்.

துணி வைத்து ஒற்றித் துடைத்து, காயப் போட்டுவிட்டுப் போவான். மறுநாள் வந்து பார்த்தால் படகின் அடியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். கூரை ஓடுகளில் ஓட்டை இல்லை. மழை பெய்து எத்தனையோ மாசம். டிரம்மில் ஒரு சொட்டுக் குறைந்திருக்காது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். கோவில்பட்டித் தண்ணீர் உவர்க்கும். இது உவர்க்கவில்லை. பாசி வாடை அடித்தது.

அடுத்தது அந்த சீட். உறையைப் பிரித்து, பழைய ஸ்பாஞ்சை எறிந்துவிட்டுப் புதிது வைத்துத் தைத்தான். இரண்டு பேர் உட்காரலாம். மறுநாள் ஒரு பாதி காய்ந்திருந்தது. மறுபாதி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

ஜரினா தினமும் மத்தியானச் சோறு கொண்டுவந்தாள். யாசின் சாப்பிட்டுவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க பஜாருக்குப் போவான். அவன் வரும்வரை அவள் கொட்டகையில் இருப்பாள். படகின் பின் சீட்டில் போய் உட்காருவாள். அங்கேதான் காத்து வருது என்பாள்.

ஒருநாள் வீட்டில் அவள் தானாகவே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். யாசினுக்கு ஆச்சரியம்.

"ஒரு அம்மா வாராவ, மச்சான். நீங்க போன பெறகு வந்து உக்காருவாவ. முன்ன இந்த தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவியளா இருக்கும். அவிய மகனும் மவுத்தாயிட்டானாம். வாலிபப் பையன்."

"என்ன பேசுவீக?"

"அவனைப் பத்தி அவிய சொல்வாவ. பௌசியாவைப் பத்தி நான் சொல்லுவேன்."

பிள்ளை போன பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டது அன்றுதான். யாரோ ஒரு புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும் என்று யாசின் நினைத்துக்கொண்டான்.

ஆனால் கொட்டகையில் இரண்டு டீ கிளாஸ் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் டீ தொடாமல் ஏடு படிந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வாசலில் கரிசல் மண் மாவு மாதிரிக் கிடந்தது. கோழி நடந்தால்கூடத் தடம் விழும். அதில் ஜரினாவின் செருப்புத் தடம் இருந்தது. அவன் தடம் இருந்தது.

வேறு தடம் இல்லை.

ஒருநாள் பஜாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பினான். சைக்கிளை ரோட்டிலேயே சாத்திவிட்டு நடந்தான். வெயில் அனலாக அடித்தது. எங்கும் ஒரு சத்தம் இல்லை. கொட்டகைக்குள் ஜரினாவின் குரல் கேட்டது.

"காய்ச்சல்ல கூட வாப்பா எப்ப வருவாவன்னுதான் கேட்டா..."

பிறகு அமைதி. யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற அமைதி.

அதற்குள் ஒரு சத்தம்.

சொட்... சொட்... சொட்...

யாசின் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சீட்டில் ஜரினா மட்டும்தான் இருந்தாள். பக்கத்து இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் யாரும் இல்லை.

ஆனால் சீட் அமுங்கியிருந்தது.

அவன் கால் தகரத்தில் பட்டது. ஜரினா திரும்பினாள். அமுங்கியிருந்த சீட்... மெள்ள... மெள்ள... மேலே எழும்பியது.

அன்றே கொட்டகையைப் பூட்டினான். ஜரினாவிடம் வேலை முடிந்தது, இனி வரவேண்டாம் என்றான். அவள் பழையபடி தட்டைத் தள்ளி வைத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஒரு வாரத்தில் கண்ணில் கருவளையம் விழுந்துவிட்டது. யாசின் எத்தனையோ யோசித்தான். அவன் கொடுக்க முடியாத எதையோ அந்த சீட் அவளுக்குக் கொடுத்திருந்தது. மகளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் கொட்டகைச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தான். பயந்துகொண்டேதான் கொடுத்தான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறைந்து தளும்பியது. கடலில் விடுவதற்கு முன் அங்கே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று யாசின் ஏற்பாடு செய்தான். நானும் வருவேன் என்று ஜரினா நின்றாள். ஏறியதும் நேராகப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு.

சாயங்காலம், இன்னும் வெயில் இருந்தது. என்ஜின் ஒரே தட்டில் பிடித்தது. படகு சீறிக்கொண்டு போனது. இத்தனை மாச உழைப்பும் வீண் போகவில்லை என்று யாசினுக்கு நெஞ்சு நிறைந்தது. எதிரே இருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் வருகிறவனைப் பார்ப்பதற்கான அகலக் கண்ணாடி.

அதில் இரண்டு முதுகுகள் தெரிந்தன.

ஒன்று ஜரினா. மற்றது ஈரப் புடவை. நரைத்த கூந்தல் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவன் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் பார்த்தான்.

படகுக்குப் பின்னால் தண்ணீரில் நுரைக்கோடு விழும் அல்லவா? அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு. மெல்லியது. பலகை கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து...

படகில் கயிறே கட்டவில்லை.

நரைத்த கூந்தல் எழுந்து நின்றது.

ஜரினாவும் எழுந்தாள்.

"ஜரினா!"

என்ஜினை அணைத்துவிட்டுப் பாய்ந்தான். அவள் ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்புக்கு வெளியே வைத்திருந்தாள். இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தான். இருவரும் தளத்தில் விழுந்தார்கள். பிறகு அமைதி. தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம் மட்டும். சீட்டில் யாரும் இல்லை. பின்னால் அந்தக் கோடும் இல்லை.

ஜரினா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அவிய மகனைப் பாத்துட்டாவ. 'அந்தா வாரான், அந்தா வாரான்'னாவ. ஒம்பிள்ளையும் அங்கதான் இருக்கா, நீயும் வான்னு என் கையைப் புடிச்சாவ. எந்திரிச்சிட்டேன் மச்சான். அப்பத்தான் நீங்க கூப்பிட்டீக. எம்பிள்ள தண்ணியில இல்லம்மா, மண்ணுல இருக்கா, அவ வாப்பா இன்னும் வந்து பாக்கல, நான் எப்படி வருவேன்னு சொன்னேன். கையை விட்டுட்டாவ."

அவளுடைய மணிக்கட்டு ஐஸ் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் யாசின் கபர்ஸ்தானுக்குப் போனான். ஜரினா வெளியே கேட்டருகே நின்றாள். சின்ன மண்மேடு. மழைக்குப் புல் முளைத்திருந்தது. அவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுத அழுகை ரோடு வரை கேட்டது. திரும்பி வரும்போது இருவரும் தெரு முழுக்கப் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

படகின் அடியில் அதன் பிறகு தண்ணீர் நிற்கவில்லை. சீட்டும் நனையவில்லை. ஆனாலும் யாசினுக்கு அதை ஓட்ட மனம் வரவில்லை. விவரம் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. பஸ் ஏறி அந்த மலையடிவாரத்துக்குப் போனான். கடற்கரை அதே இடத்தில்தான் இருந்தார்.

நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்ததும் பெரியவர் சொன்னார்.

"அவிய பேரு கோமதியம்மாள். ஒரே மகன், அருண்பாண்டியன். கிளப்புல பலகை ஓட்டிக் காட்டுதவன். ஒருநா பின் சீட்டுல ஆள் இல்லாமலே இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவன் விழுந்ததை யாரும் பாக்கல. மூணாம் நாள் பொணமா ஒதுங்குனான். அதுக்குப் பெறகு அந்த அம்மா தினம் வந்து, நான் பாத்துக்கிடுதேன்னு அந்த சீட்டுல உக்காந்திருவாவ. ஒருநா ஏரி நடுவுல திரும்பிப் பாத்தா சீட்டுல ஆளில்ல. தண்ணியில விழுந்த சத்தம்கூட கேக்கல. எத்தனையோ பேர் முங்கித் தேடுனாங்க. கெடைக்கல."

"ஆழமான ஏரியா அண்ணாச்சி?"

கடற்கரை கையை நீட்டி ஏரிப் பக்கம் காட்டினார். அங்கே தண்ணீர் கொஞ்சமாகத்தான் கிடந்தது.

"இது இப்ப பெய்ஞ்ச மழை. நீங்க போட்டை லாரியில ஏத்திட்டுப் போனீகள்லா... அந்தக் கோடையில மொத்த ஏரியும் வத்திருச்சு தம்பி. அடிச் சேறு வெடிச்சு, ஆடு மேய்ச்சாங்க. எலும்பாவது கெடைக்கும், அடக்கம் பண்ணிரலாம்னு ஊரே எறங்கித் தேடுனோம். பையன் கால்ல இருந்த பலகைகூட சேத்துல கெடந்துச்சு."

அவர் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"அந்த அம்மா... இந்த ஏரியில எங்கனயும் இல்ல."