சீட்டு மட்டும் போதும்

முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் மருத்துவச் செலவு விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். திருப்பி அனுப்பியவன் என்பதே பொருத்தம்.

ஓய்வுபெற்ற பிறகு என் மனைவிக்கு வலிப்பு நோய் வந்தது. ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது என்றார் சேலத்து டாக்டர். ரசீதுகளுக்கெல்லாம் மூன்று நகல் எடுத்து விண்ணப்பித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எடுத்த ஸ்கேனுக்குப் பணம் வந்தது. மாத்திரைச் செலவு மட்டும், 'உள்நோயாளி அல்ல' என்று திரும்பி வந்தது. எத்தனையோ பேருக்கு நானே எழுதிய வரி! மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்: தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகளில் பாதி மிச்சமிருந்தது.

"ஒரு வேளைதான் போடறேனுங்க. உங்க ஃபைலு முடியற வரைக்கும் வரோணுமில்ல?" என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னதை நினைத்துக் கத்திவிட்டேன்.

எங்கள் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தறிக்காரப் பெண் சிரித்தாள். "ஏனுங்கய்யா, பெரியாஸ்பத்திரியில இந்த மாத்திரய சும்மாவே குடுக்கறாங்களே! எங்கண்ணன் நாலு வருசமா வாங்கறானுங்க."

மறுநாளே அந்த அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே டாக்டர் பார்த்து எழுதித் தந்ததும், மருந்து கவுண்டரில் என் நகல்கட்டை நீட்டினேன்.

"இதெல்லாம் எதுக்குங்க? சீட்டு மட்டும் போதும். பைய விரிச்சுப் புடிங்க."

ஒரு மாத மாத்திரை பைக்குள் விழுந்தது. வரிசையே திரும்பிப் பார்க்கும்படி மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன்பின் அவளுக்கு வலிப்பு வரவில்லை. மாதாமாதம் நான்தான் போகிறேன். வரிசையில் யாராவது நகல்கட்டோடு நின்றால், அவர்கள் கேட்காமலே போய், 'சீட்டு மட்டும் போதும்' என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்து திரும்பிப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான்.