டைகரின் பாதமும் அப்புவின் தரையும்

என் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு பாதித் தேங்காய் மட்டை தொங்குகிறது. ஓரமெல்லாம் பல் பதிந்த தழும்பு. அடுப்பில் போடாமல் இதை எதற்கு மாட்டி வைத்திருக்கிறாய் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதை மிதித்த மனிதரையும் கடித்த நாயையும் நான் அறிவேன், எப்படி எரிப்பேன்?

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவில் நான் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்த காலம். சமையலும் வீட்டுப் பொறுப்பும் அப்புவுடையது. பங்களாச் சமையல்காரரைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சமையலில் அவர் சுமார்தான். பெருமையெல்லாம் கூடத்துத் தரையில் இருந்தது. மெழுகையும் டர்பன்டைனையும் குழைத்துப் பூசி, மட்டையை வலது காலால் மிதித்துக்கொண்டு, கூத்தாடுகிறவரைப் போல அங்குமிங்கும் தேய்ப்பார். "குனிஞ்சு பாரு புள்ள, ஒன் மூஞ்சி தெரியும்" என்பார். அந்தக் காலில் அவருக்கு எந்நேரமும் அரிப்பு. அட்டைக்கடி என்று சொல்லிச் சொறிந்துகொள்வார்.

துரையின் நாய் டைகர் அந்தத் தரையில்தான் வயிறு படக் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் அது தன் பாதங்களை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி விரலிடுக்கு புண்ணானது. வயிற்றில் மயிர் உதிர்ந்தது. ஈரப் பாதத்தின் தடம் தரையில் விழ விழ, அப்பு திட்டிக்கொண்டே மறுபடி மெழுகு போட்டார். பிள்ளைக்குச் சொறி தொற்றிவிடுமோ என்று துரைக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் குணமாகாவிட்டால் சுட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அன்று அப்பு சோற்றைக் கரியவிட்டார். நாயைக் கண்டாலே எரிந்து விழுகிற மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொகை" என்றார்.

துரையிடம் கேட்டு நாயைத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கொண்டுபோய்ச் சாணித் தரையில் கட்டி வைத்தேன். அங்கே வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். பதுளைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா கந்தகக் களிம்பு கொடுத்தனுப்பினார். பூசாரி விபூதி போட்டார். சனிக்கிழமைக்குள் டைகர் நக்குவதை விட்டு லயத்துக் கோழிகளைத் துரத்தத் தொடங்கியது. என் மருந்துதான், உன் மருந்தில்லை என்று அம்மாவும் பூசாரியும் சண்டை பிடித்தார்கள்.

தலை நிமிர்ந்து அதைப் பங்களாவுக்குக் கூட்டிவந்தேன். அதன் வரவுக்காகவே அப்பு கூடத்தைக் கண் கூசும்படி தேய்த்து வைத்திருந்தார். டைகர் ஆசையாய்ப் படுத்தது. பொழுது சாய்வதற்குள் பழையபடி நக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையற்கட்டான குசினியின் படியில் அப்பு உட்கார்ந்து காலைச் சொறிய, பக்கத்தில் நாய் தன் காலை நக்க, அந்த ஜோடியைப் பார்த்ததும் அழுகையையும் மீறிச் சிரித்தேன்.

"என்னாங்க அப்பு, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?"

சொறிந்த கை நின்றது. தன் காலைப் பார்த்தார், நாயின் காலைப் பார்த்தார், திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

"அட்டை இல்ல புள்ள. எல்லாம் இந்த மெழுகு."

வெந்நீரும் சவுக்காரமும் போட்டு, தன் கையாலேயே அத்தனை பளபளப்பையும் உரித்தெடுத்தார். நான் நாயின் பாதங்களைக் கழுவித் துடைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மங்கிக் கிடந்த தரையைப் பார்த்துத் துரை கத்தினார். அப்பு தன் வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

"மெழுகு எனக்கும் ஒத்துக்கல, அதுக்கும் ஒத்துக்கல தொரை. நாய் வேணும்னா தரை இப்புடித்தாங்க இருக்கும்."

துரை டைகரைப் பார்த்தார். அது பாதத்தை மறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டார். அப்பு மட்டையை நாயின் முன்னால் எறிந்து, "கடிச்சுத் தொலை" என்றார்.

போன வாரம் என் மகன் சிவப்பு மெழுகு டப்பா ஒன்று வாங்கி வந்தான். வாசலில் படுத்திருந்த எங்கள் நாயைக் காட்டி, டப்பாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். என் வீட்டுத் தரையில் யார் முகமும் தெரியாது. மட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நாய் நன்றாகத் தூங்குகிறது.